கழுத்துக்கு மேலே எடுத்த படங்கள்

1

எஸ்தர் செய்தி அனுப்பியிருந்தாள். என் அண்ணன் மகள். இராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். "சித்தப்பா, அப்பாவுக்கு வருச நினைவுக் கூட்டம் வருது. பேனர்ல போட நல்ல போட்டோ ஒண்ணுகூட இங்க இல்ல. பட்டாளத்துப் படத்துல மீசை மட்டுந்தான் தெரியுது. ஒங்க போன்ல இருக்குமே, பாருங்க."

இருந்தது. ஏராளமாக இருந்தது. வீடியோவில் அண்ணன் பேசும்போதெல்லாம் திரையை அப்படியே படமாக்கி வைத்துக்கொள்வது என் பழக்கம். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். எல்லாம் ஒரே படம். இஸ்திரி போட்ட சட்டைக் காலர், தண்ணீர் தொட்டு வாரிய தலை, பின்னால் வெளிர் பச்சைச் சுவர், அதில் சர்ச் காலண்டர். சட்டை மாறுகிறது, காலண்டர் தாள் மாறுகிறது. ஆள் மட்டும் கழுத்துக்குக் கீழே கிடையாது.

ஒரு மனிதரை இத்தனை தடவை படம் பிடித்தும் பார்க்காமலே இருந்துவிட முடியும். அது எப்படி என்று சொல்ல வேண்டுமானால் என் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள். எனக்கே முழுசாகப் புரியாத விஷயம் என்பதால் நீளமாகச் சொல்ல முடியாது.

2

வடக்கு ஜெர்மனியில் ஒரு துறைமுக நகரம். இங்கே வந்த நாளிலிருந்து புரதங்களைப் படிகமாக வளர்ப்பதுதான் என் வேலை. உப்பளத்தில் உப்பு விளைகிற மாதிரி என்று ஊரில் கேட்பவர்களுக்குச் சொல்வேன். விளைந்த படிகத்தின்மேல் எக்ஸ்ரே அடித்து, உள்ளே இருக்கும் மூலக்கூறின் வடிவத்தைக் கணக்கிடுவோம். விளைச்சல் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. விவசாயிக்கு இருக்கும் அத்தனை புலம்பலும் எனக்கும் உண்டு, மானியம்தான் கிடையாது.

ஒரு திங்கட்கிழமை எங்கள் ஆய்வகத் தலைவர் கூப்பிட்டு, காபி கொடுத்து, இனிமேல் படிகம் வேண்டாம் என்றார். உலகமே எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு மாறிவிட்டது. படிகமாகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் மூலக்கூறுகளைக்கூட இருந்த நிலையிலேயே உறைய வைத்துப் படம் எடுத்துவிடுகிறார்கள். நீயும் கற்றுக்கொள் என்றார். தனியாக அந்த இயந்திரத்தை இயக்கிக் காட்டினால் ஒப்பந்தம் நீளும். ஒப்பந்தம் நீண்டால் வசிப்பு அனுமதி நீளும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. இந்த ஊரில் மேலதிகாரி தானே காபி ஊற்றிக் கொடுத்தால், மீதியை நாமே புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அன்று மாலை வீட்டில் நடந்ததை என் மனைவி ஷீலா இன்றும் வருகிறவர்களிடம் நடித்துக் காட்டுகிறாள். நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றுகொண்டு, இராஜபாளையத்து நூல் மில்லில் எனக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டேனாம்.

"அறுந்த நூல ஒட்டத் தெரியுமா ஒங்களுக்கு?" என்றாள்.

"கத்துக்கிடலாம்லா."

"அப்ப இங்கயே கத்துக்கிட வேண்டியதுதான?"

மகன் தன் அறையிலிருந்து ஏதோ ஜெர்மனில் சொன்னான். அப்பா மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம். அவனுடைய தமிழ் என்னைத் திட்டும் அளவுக்குக்கூட வளரவில்லை. அதுவும் ஒரு வருத்தம்தான்.

பயிற்சி கொடுத்தவள் ஹன்னா. என் வயதில் பாதி இருப்பாள். கூடப் படித்தவர்கள் அவளுக்கும் சின்னவர்கள். மூக்குத்திக் கல் அளவுக்கு வட்டமான செப்புச் சல்லடை ஒன்று. அதில் புரதக் கரைசலை ஒரு துளி விட்டு, தாளால் ஒற்றியெடுத்து, கண் இமைக்கும் முன் கடுங்குளிர்த் திரவத்துக்குள் பாய்ச்ச வேண்டும். மெதுவாகக் குளிர்ந்தால் தண்ணீர் ஐஸாகி, அதன் முனைகள் மூலக்கூறைக் குத்திக் கிழித்துவிடும். வேகமாகக் குளிர்ந்தால் ஐஸாக அதற்கு நேரம் கிடைக்காது. கண்ணாடி மாதிரி அப்படியே நின்றுவிடும். உள்ளே இருக்கும் மூலக்கூறுக்குத் தான் உறைந்ததே தெரியாது.

இதற்கு வேண்டியது இடுக்கி நடுங்காத கை. என் கையோ காபிக் கோப்பையைக்கூடச் சிந்தாமல் தூக்காது. முதல் வாரம் நான் கீழே போட்ட சல்லடைகளைக் கூட்டிப் பெருக்கினால் ஒரு குழந்தைக்குக் கொலுசு செய்திருக்கலாம். "மூச்சை விடுங்கள்," என்று ஹன்னா சொல்லிக்கொண்டே இருந்தாள். பின்புதான் நான் மூச்சு விடாமல் வேலை செய்துகொண்டிருந்தது எனக்கே தெரிந்தது.

படம் எடுத்தபின்பும் ஒன்றும் தெரியாது. எலக்ட்ரானைக் கூடுதலாக அடித்தால் மூலக்கூறு கருகிவிடும் என்று கொஞ்சமாகத்தான் அடிக்கிறார்கள். ஆகவே திரையில் தெரிவது ஒளிபரப்பு முடிந்த பழைய டிவியில் ஓடும் புள்ளிக்கூட்டம். அதற்குள் இலேசான நிழல்கள். அந்த நிழல்களை இலட்சக்கணக்கில் பொறுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுத்தால்தான் உருவம் மெல்ல எழுந்து வரும். பொறுக்குவதுதான் வித்தை. எதைப் பொறுக்குகிறோமோ அதுதான் வரும்.

3

என் பதற்றத்துக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு வரலாறு உண்டு.

அம்மா உயிரோடு இருந்தபோது ஒருநாள், முற்றத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று போனில் சொன்னார்கள். லைன் கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை. நான் இங்கிருந்துகொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குத் தெரிந்த எல்லா நம்பரையும் போட்டேன். போதகர் ஐயா, பக்கத்து டயர் கடைக்காரர், என்னோடு படித்த ஏட்டு ஒருவன். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அளவாகச் சொன்னேன் போலிருக்கிறது. அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆம்புலன்ஸ், அதன் பின்னால் போலீஸ் ஜீப், அதன் பின்னால் ஸ்கூட்டரில் வேதப்புத்தகத்தோடு போதகர். தெரு முழுக்கக் கூடிவிட்டது. அம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு.

அன்றைக்கே அண்ணன் ஒரு சட்டம் போட்டார்: "இனிமே அவன்ட்ட எதுவும் சொல்லக்கூடாது. சொன்னா அந்தப் பய மிலிட்டரிய அனுப்பிருவான்."

தானியேல் அண்ணன் பட்டாளத்தில் இருந்தவர். லடாக் பனியில் சில குளிர்காலங்கள் நின்றுவிட்டு வந்து, இராஜபாளையத்து மில் ஒன்றில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக வேலை பார்த்து, ஓய்வுக்குப் பின் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால் என்னைப் படிக்க வைத்தது அவர்தான். நான் பதறுகிற அளவுக்கு அவர் நிதானம். கடவுள் ஒரு வீட்டுக்கு அளந்த நிதானம் முழுவதையும் மூத்தவனுக்கே போட்டுவிட்டார் என்று அம்மா சொல்வாள்.

ஆம்புலன்ஸ் கதையை நான் எல்லாக் கூட்டங்களிலும் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அதோடு ஒரு சட்டம் போட்டார்களே, அதைப் பற்றி மட்டும் யோசித்ததில்லை.

4

பயிற்சியின் கடைசிப் பகுதியில் ஹன்னா எங்களுக்கு ஆளுக்கொரு கட்டுப் படங்களைக் கொடுத்தாள். கூடவே மாதிரிக்கு ஓர் உருவத்தையும் கொடுத்தாள். இதைப் போல இருக்கும் நிழல்களை எல்லாம் கணினியைக் கொண்டு பொறுக்கி, சராசரி எடுத்துக் காட்டுங்கள் என்றாள். மாதிரி உருவம் அவளுடைய வளர்ப்பு நாயின் படம். ஏதோ வேடிக்கை என்று நினைத்தோம்.

நான் மும்முரமாகச் செய்தேன். முதல் சுற்றில் மங்கலாகக் காது தெரிந்தது. அடுத்த சுற்றில் மூக்கு. கடைசியில் அச்சாக ஒரு நாய் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் ஊர் இராஜபாளையத்துக்குப் பக்கம் என்று சொன்னால் கேட்கிறவர்கள் எல்லாம் இராஜபாளையம் நாயைத்தான் விசாரிப்பார்கள். இங்கேயும் அது என்னை விடவில்லையே என்று சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்தேன்.

சிரித்து முடித்ததும் ஹன்னா சொன்னாள், அந்தப் படங்களில் எதுவுமே இல்லை என்று. வெறும் புள்ளிகள். கணினியே உருட்டிப்போட்டவை. நாய் இருக்கும் என்று நம்பி, நாயைப் போலத் தெரிந்த புள்ளிகளை மட்டும் பொறுக்கி, மற்றதையெல்லாம் தள்ளினோம். அதனால் நாய் வந்தது. "இது கெட்டிக்காரர்களுக்கும் நடக்கிறது," என்றாள். "ஆசையோடு தேடுகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம் நடக்கிறது."

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போனார்கள். நான் அந்த நாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்று என்னை எழுந்திருக்க விடவில்லை. வழக்கமான பதற்றம் என்றால் எனக்குத் தெரியும்; அது படியேறி ஓடிவருகிறவன் மாதிரி சத்தத்தோடு வரும். இது உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது.

அண்ணனுக்கு மூச்சு வாங்குகிறது என்று அவர் மனைவி, என் மதினி, ஒருமுறை வாய்தவறிச் சொல்லி, "மாடி ஏறுனாவ, அதான்" என்று மாற்றியது நினைவுக்கு வந்தது. அவர்கள் வீட்டில் மாடியே கிடையாது. எப்போது கூப்பிட்டாலும் மதினிதான் போனைப் பிடித்திருப்பாள். அண்ணன் ஏன் தன் கையால் பிடிப்பதில்லை? பேச்சு நடுவில் திரை சட்டென்று மேலே போய் மின்விசிறியைக் காட்டும். அப்போது யாரோ இருமுவார்கள். "பூனை தட்டி விட்டுட்டு" என்பார்கள். நான் அதையெல்லாம் தள்ளிவிட்டு, காலரையும் சிரிப்பையும் மட்டும் பொறுக்கி வைத்திருந்தேன். அவர்கள் என்னிடம் மறைத்தார்கள் என்பது சரி. எனக்கும் அது வசதியாக இருந்தது.

5

வகுப்பு முடிந்து ஒரு காலியான அறையில் நின்று கூப்பிட்டேன். அண்ணன் வந்தார். நீலச் சட்டை.

"என்னல, வேலை நேரத்துல கூப்பிடுத? மைக்ராஸ்கோப்ப ஒடச்சிட்டியா?"

"இன்னும் இல்லண்ணே. மதினி, போனக் கொஞ்சம் கீழ இறக்குங்க."

"எதுக்குத் தம்பி? சிக்னல் போயிரும்."

"அண்ணன் கால நான் பாக்கணும்."

மதினி போனை அசைக்கவில்லை. பிறகு அண்ணனின் குரல்: "காட்டிரு. அவனே கேட்டுட்டாம்லா."

திரை இறங்கியது. நீலச் சட்டைக்குக் கீழே கைலி. கட்டிலின்மேல் இரண்டு தலையணை அடுக்கி, அதன்மேல் கால்கள். வீங்கி, தோல் பளபளத்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வேறு யாருடைய கால்களோ போல இருந்தன. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர். அதன்மேல் கூச்சமில்லாமல் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

எனக்குப் பதற வார்த்தை வேண்டும். அன்று, "என்ன வியாதி?" என்று மட்டும் கேட்டேன்.

"நெஞ்சுக்குள்ள ஏதோ புரோட்டீன் படிஞ்சு கெட்டியாகுதாம்," என்றாள் மதினி. "மருந்து இருக்காம். ஆனா முத்திப்போச்சு, இனிமே குடுத்துப் பிரயோசனம் இல்லன்னு மதுரை டாக்டர் சொல்லிட்டாரு. அவியதான் ஒங்ககிட்ட சொல்ல வேண்டாம்னுட்டாவ. நீங்க பதறுவிய, வேலையக் கெடுத்துக்கிடுவியன்னு."

நான் புரதத்தைப் பார்த்துப் பிழைக்கிறவன். கேட்டுக்கொண்டு நின்றேன்.

மறுநாள் பணியாளர் அலுவலகத்தில் இருந்த பெண்மணியிடம் விடுப்புக் கேட்டேன். பெற்றோர், துணை, பிள்ளை என்றால் தனி விடுப்பு உண்டு, அண்ணனுக்குக் கிடையாது என்றார் அந்த அம்மா. என்னை வளர்த்ததே அவர்தான் என்றேன். உண்மையான அக்கறையோடு, "தத்தெடுத்ததற்கு ஆவணம் இருக்கிறதா?" என்று கேட்டார். என் வசிப்பு அட்டை வேறு புதுப்பிக்கப் போயிருந்தது; கையில் இருந்தது மடித்த ஒரு தற்காலிகத் தாள். அதை வைத்துக்கொண்டு திரும்பி வரலாமா என்று மூன்று ஜன்னல்களில் விசாரித்தேன். வரலாம் என்று ஒருவரும், வரலாம் என்று நினைக்கிறேன் என்று ஒருவரும் சொன்னார்கள். இன்னொருவர் சாப்பிடப் போய்விட்டார். ஹன்னாதான் என் தேர்வைத் தள்ளி வைத்தாள். இயந்திரத்தில் எனக்கு ஒதுக்கியிருந்த நேரத்தை இன்னொருவனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, "போய் வாருங்கள். அது ஓடிப்போகாது," என்றாள்.

6

மதுரையில் இறங்கிப் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் பார்த்த அந்த முகம் ஒரு கோணத்தில்தான் அப்படித் தெரியும் போல. நேரில் கன்னம் வற்றிப்போயிருந்தது.

"ஏலே, ஆம்புலன்ஸ் எங்கல? தனியாவா வந்துருக்க?"

எஸ்தர் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சிரிக்கத்தான் போனாளா என்பது எனக்குத் தெரியாது.

இரண்டு வாரம் இருந்தேன். காலுக்கு எண்ணெய் போட்டேன், பேப்பர் வாசித்துக் காட்டினேன், சிலிண்டர் மாற்றக் கற்றுக்கொண்டேன். கை நடுங்கவில்லை. ஒரு மத்தியானம் மதினி கண் அசந்த நேரத்தில் அண்ணன் கேட்டார்:

"எலே, என் நெஞ்சுக்குள்ள இருக்கே ஒரு சாமான், அது எப்படி இருக்கும்? ஒனக்குத் தெரியாமலா இருக்கும்?"

தெரியும். யாரோ எங்கேயோ ஒரு நோயாளியின் இதயத்திலிருந்து எடுத்து, நான் கற்றுக்கொண்டிருக்கும் இதே முறையில் உறைய வைத்து, படம்பிடித்து, வடிவம் கண்டு பொதுவில் வைத்திருக்கிறார்கள். ஊருக்கு வரும் வழியெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். போனை அவர் மார்புக்கு மேலே பிடித்துக் காட்டினேன். ஒரே மாதிரி வளைந்த மூலக்கூறுகள், ஒன்றின்மேல் ஒன்றாக, ஓர் இழைகூடப் பிசகாமல் நீண்ட அடுக்கு.

வெகுநேரம் பார்த்தார்.

"பரேடு மாதிரில்லா நிக்கி. ஒரு பய வரிசைய விட்டு நகரலயே."

"ஆமாண்ணே."

"நான் கொழகொழன்னு ஏதோ சீழு மாதிரி இருக்கும்னு நெனச்சேன். இது என்னல, இம்புட்டு அழகா இருக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "கலைக்க முடியுமா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் விமானத்தில் நான் சாப்பிடவே இல்லை. என்ன சொல்லலாம் என்று நாலைந்து விதமாக ஒத்திகை பார்த்திருந்தேன். கடைசியில் நான் சொன்னது அதில் ஒன்றும் இல்லை.

"முடியாதுண்ணே. இப்ப முடியாது."

அண்ணன் என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். "காய்ச்ச ஏதும் இருக்கால ஒனக்கு? பதறாமப் பேசுத."

இருவரும் சிரித்தோம். அவருக்கு இருமல் வந்து, சிரிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. முதுகைத் தடவிக் கொடுத்தபின் சொன்னார்: "பொறவு ஒண்ணு. நான் போனதும் என்னைய ஐஸ் பெட்டியில போட்டு ஒனக்காகக் காக்க வைக்கச் சொல்லாத. லடாக்குல வெறச்சது போதும். செத்தும் ஐஸ்லயா கெடக்கணும்? நீ வந்துட்ட. நான் ஒன்னையப் பாத்துட்டேன்."

"சரிண்ணே."

"ஒங்க மதினி கேட்டாலும் விடாத. அவ கேப்பா."

7

நான் திரும்பி வந்த இரண்டாம் வாரம் எஸ்தர் கூப்பிட்டாள். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். அவள் சொல்லி முடிக்குமுன் எங்கள் தாய்மாமா போனை வாங்கிக்கொண்டார்.

"மாப்ள, பெட்டிக்குச் சொல்லியாச்சு. கெளம்பி வா. ஒரே தம்பி, நீ மண்ணு போடாம எப்படி?"

எங்கள் பக்கம் அப்படித்தான். வெளிநாட்டில் இருக்கிறவன் வந்து சேரும்வரை வாடகைக்கு எடுத்த கண்ணாடி மூடிப் பெட்டிக்குள் உடம்பு காத்திருக்கும். வருகிறவர்கள் எல்லாம் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, அவன் எந்த ஊரில் விமானம் மாறுகிறான் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். டிக்கெட் இல்லை, விசா சிக்கல் என்றெல்லாம் நான் சொல்லியிருக்கலாம். அன்று மாலை விமானத்தில் டிக்கெட் இருந்தது. பார்த்துவிட்டேன். மறுநாள் மதியம் ஊரில் இருந்திருப்பேன்.

"வேண்டாம் மாமா. இன்னைக்கே அடக்கம் பண்ணிருங்க."

"என்னல சொல்லுத?"

"அண்ணன் அப்படித்தான் சொன்னாவ."

"சாகக் கெடக்கிறவன் ஆயிரம் சொல்லுவான். வெள்ளக்காரன் ஊர்ல இருந்து ஒனக்கு நெஞ்சு உறஞ்சு போச்சு," என்று போனை மதினியிடம் கொடுத்துவிட்டார். மாமா அதன்பிறகு என்னோடு பேசவில்லை. இன்றுவரை.

மதினி போனோடு கூட்டத்தை விட்டு விலகிப் போவது கேட்டது. பிறகு மெதுவாக, கெஞ்சுகிற குரலில் சொன்னாள்: "தம்பி, நீங்க வாறேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க வாரது வரைக்குமாவது அவிய வீட்ல இருப்பாவல்லா."

இது என் ஒத்திகையில் இல்லை. பெட்டியை அவள் கேட்டது எனக்காக இல்லை. ஒரு நாள், இன்னும் ஒரே ஒரு நாள் அவர் அந்த அறையில் இருக்க அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்தக் காரணமாக நான் இருந்திருக்கலாம். வாயைத் திறந்தால் வருகிறேன் என்று சொல்லிவிடுவேன் என்று பட்டது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"அவிய வேண்டாம்னு சொன்னாவ மதினி."

"தெரியும்," என்றாள். "என்கிட்டயுந்தான் சொன்னாவ." பிறகு, "சரி தம்பி."

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்திலிருந்து எஸ்தர் வீடியோவில் வந்தாள். போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாள். போதகர் ஐயாவின் வெள்ளை அங்கி, கயிறு, இறங்கும் பெட்டியின் ஒரு மூலை. ஜெபம் முடிந்து மண் போடத் தொடங்கினார்கள். அவள் முறை வந்தது. வலது கையில் போனைப் பிடித்துக்கொண்டு இடது கையால் மண்ணை அள்ளக் குனிந்தாள். திரையில் வானம், யாருடையதோ செருப்பு, மறுபடி வானம். பாதி மண் விரலிடுக்கில் சிந்திவிட்டது.

"தெரியுதா சித்தப்பா? இந்தப் பக்கம் திருப்பட்டா?"

"போன வைட்டி."

"ஒங்களுக்குப் பாக்க வேண்டாமா?"

"வேண்டாம். ரெண்டு கையாலயும் அள்ளி அப்பாவுக்குப் போடு."

ஒரு கணம் அவள் முகம் தெரிந்தது. பிறகு திரை இருண்டது. அழைப்பைத் துண்டிக்காமலே போனைக் கைப்பையில் போட்டுவிட்டாள். இருட்டுக்குள் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மண் விழுவது கேட்டது. முதலில் மரத்தின்மேல் விழும் சத்தம், உள்ளே காலியாக இருக்கிற மாதிரி. கொஞ்சங் கொஞ்சமாக அது குறைந்து, மண்ணின்மேல் மண் விழும் சத்தம் ஆயிற்று. அந்தச் சத்தத்தில் எதிரொலி இல்லை. நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு, அவர்கள் வேலையை முடிக்கும்வரை நின்றேன்.